படம் பார்த்துக் கதை எழுதக் கற்க முடியுமா?

மார்ச் 2: தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

"ஆச்சி, திரைக்கதைப் புத்தகங்கள் சொல்கிற மூன்று அங்க முறையை வைத்துக்கொண்டு வெகுநாளாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். தொடக்கத்தில் ஒரு சிக்கல், நடுவில் ஒரு திருப்பம், கடைசியில் ஒரு தீர்வு என்று கணக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதியவை எல்லாம் ஒரே கதையாகவே இருக்கின்றன. சினிமா கதையைக் கெடுத்துவிடும் என்று எங்கள் தமிழ் ஐயா வகுப்பில் சொல்வார். அவர் சொன்னதுதான் சரியா? கதை எழுதுகிறவனுக்குப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?"

மார்ச் 2, இரவு

இருக்கிறது தம்பி. நீங்கள் எடுத்துக்கொண்டது வேறு எதையோ.

அமெரிக்கரான சிட் ஃபீல்டு 1979-இல் வெளியிட்ட நூலில் சொன்ன கணக்கு, ஏறத்தாழ 120 பக்கம் வரும் திரைக்கதைக்கானது. ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொண்டு, முதல் 30 பக்கத்தில் ஆட்களையும் சிக்கலையும் காட்டு, அடுத்த 60 பக்கத்தில் மோதவிடு, கடைசி 30 பக்கத்தில் முடி என்றார் அவர். ஆறு பக்கச் சிறுகதைக்கு அதைச் சுருக்கினால் ஒன்றரைப் பக்கத்தில் முதல் திருப்பம் வந்தாக வேண்டும். வந்தாக வேண்டுமே என்பதற்காக வந்த திருப்பங்கள்தாம் உங்கள் கதைகளை ஒன்றுபோலத் தெரியவைக்கின்றன என்று நினைக்கிறேன்.

என் அனுபவத்தில் படத்திடம் கற்க வேண்டியது ஒன்றுதான்: எந்தச் செய்தியை யாருக்கு எப்போது தெரியவிடுவது. கதையில் வருகிறவருக்குத் தெரிந்தது பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பார்க்கிறவருக்குத் தெரிந்தது கதையில் வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியவரலாம். ஒரு படத்தை அதன் கட்டமைப்புக்காகப் பார்க்க உட்கார்ந்தால் ஒவ்வொரு காட்சி முடியும்போதும் இம்மூன்றில் எது நடக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கம் எத்தனை என்று எண்ண வேண்டாம்.

மார்ச் 3

இதை எனக்குக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையை ஒட்டி டூரிங் டாக்கீஸ் ஒன்று இருந்தது. ஆயா அக்கம்பக்கத்துப் பெண்களோடு இரண்டாம் ஆட்டம் போய்விட்டு வந்தால், மறுநாள் மத்தியானம் வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, போகாதவர்களுக்கு முழுப் படத்தையும் சொல்வார். சில படங்கள் திரையில் ஓடியதைவிட எங்கள் வளவில் அதிக நேரம் ஓடியிருக்கின்றன.

கதை சூடு பிடித்து வரும்போது திடீரென்று நிறுத்தி, "அட, ஒண்ணச் சொல்ல மறந்துட்டேன்" என்பார். முதலிலேயே அந்தப் பையனுக்கு ஒரு மோதிரம் போட்டுவிட்டிருப்பார்கள், அல்லது அந்தப் பெரியவர் தொடக்கத்திலேயே ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதை ஆயா அற்பமென்று விட்டுவிட்டிருப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள், "அத முன்னாலயே சொல்ல வேணாமா?" என்று கோபிப்பார்கள். ஆயா பின்னால் போய் அதைச் சேர்த்துவிட்டு மறுபடியும் முன்னால் வருவார்.

வளர்ந்து நானே எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்த வாக்கியத்தின் மதிப்பு தெரிந்தது. படம் எந்த இடத்தில் ஒரு செய்தியைக் கவனத்தில் படாத அளவுக்கு மெதுவாக உள்ளே வைத்ததோ, அந்த இடத்தைத்தான் ஆயா மறப்பார். எந்த இடத்தில் அது வேலை செய்யத் தொடங்கியதோ, அந்த இடத்தில் நினைவுகூர்வார். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரந்தான் அந்தக் கதையின் கட்டு. சில படங்களுக்கு ஆயா ஒருமுறைகூட அப்படிச் சொல்லாமல் நேராகச் சொல்லி முடித்துவிடுவார். அந்தப் படங்களில் பின்னால் நடந்த எதற்கும் முன்னால் நடந்ததன் தேவை இருந்ததில்லை. வேறு சில படங்களுக்கு மூச்சுக்கு மூச்சு சொல்வார். அவை யாருக்கும் புரிந்ததில்லை, ஆயாவுக்கும் சேர்த்து.

கோடை விடுமுறையில் காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுக்கும்போது இதையே பயிற்சியாக வைக்கிறேன். படம் பார்த்த பிள்ளை பார்க்காத பிள்ளைக்குக் கதை சொல்ல வேண்டும். "ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்" என்று எங்கே வருகிறதோ அங்கே மற்றவர்கள் கைதட்ட வேண்டும். அடுத்து, அந்தச் செய்தியை மறக்காமல் முதலிலேயே அழுத்திச் சொன்னால் கதை என்ன ஆகிறது என்று சொல்லிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போகும். கெடாமல் இன்னும் நன்றாகிவிடுகிற கதைகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

மார்ச் 3, மாலை

தன் அப்பத்தா முடிவை முதலில் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார் என்றும், அதனால் என் கணக்கு அங்கே செல்லாது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். செல்லும். பட்டிமன்ற மேடைகளில் தேய்ந்துபோன உதாரணத்தைத்தான் சொல்லப்போகிறேன். 1939 முதல் கம்பன் திருநாள் நடக்கிற காரைக்குடியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பதும் தெரியும். இலங்கையிலிருந்து திரும்பும் அனுமன் இராமனிடம் பேசத் தொடங்கும்போது "கண்டனென்" என்றுதான் தொடங்குகிறான். முடிவு முதலில் வந்துவிட்டது. ஆனாலும் இராமன் எழுந்து போய்விடவில்லை, நாமும் போகவில்லை. பார்த்தானா இல்லையா என்ற கேள்வி தீர்ந்து, எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி தொடங்குகிறது. பயத்தில் இருக்கிறவன் காதில் விவரம் ஏறாது. பயத்தை எடுத்தால்தான் விவரத்தைக் கேட்பான்.

இன்றைய படமாக இருந்தால் அனுமன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, உடுக்கைச் சத்தம் அரை நிமிடம் அடித்திருக்கும்.

மார்ச் 5

சொல்கிறவரை மாற்றி மாற்றி எழுதுகிற கதைகளைப் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நம்மிடம் நல்ல பாடம் இருக்கிறது. 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', ஏவி.எம். தயாரிப்பு. பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. படம் தொடங்கிய உடனே துப்பாக்கி வெடிக்கிறது. ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் விழுந்து சாகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன், 1952-இல் 'பராசக்தி' வந்து ஊரெல்லாம் அவர் பேச்சாக இருந்த காலம். அவரைப் பார்க்க டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! படம் ஓடாததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் கட்டமைப்பாகப் பாருங்கள். இவருக்கு என்ன ஆகுமோ என்ற கேள்வியை இயக்குநர் முதல் நிமிடத்திலேயே கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு, இவர் யார் என்ற கேள்வியைத் தருகிறார். விசாரணையில் பேசுகிற ஒவ்வொருவரும் ஒரு ராஜனைக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த ராஜன் வேறு, தம்பி பார்த்த ராஜன் வேறு, மனைவி பார்த்த ராஜன் வேறு. புதிதாக ஒரு செய்தி சேரும்போதெல்லாம் பழைய செய்தியின் பொருளும் மாறுகிறது. கொன்றவர் யார் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுபது ஆண்டு ஆனாலும் அதைச் சொல்ல எனக்குக் கை வராது.

இதை ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தின் தமிழ் வடிவம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1950-இல் வந்த அந்தப் படம் இதற்குத் தூண்டுதலாக இருந்தது உண்மைதான், ஆனால் இரண்டின் எலும்புக்கூடும் நேர் எதிரானது. 'ராஷோமோன்' படத்தில் கொள்ளைக்காரன் தான்தான் கொன்றேன் என்கிறான். மனைவி தன் கைக் கத்தியால்தான் நடந்திருக்க வேண்டும் என்பதுபோலச் சொல்கிறாள். செத்தவன் ஆவியாக வந்து தானே குத்திக்கொண்டேன் என்கிறான். ஒவ்வொருவரும் பழியைத் தன் பக்கம் இழுக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் காப்பாற்ற வேண்டிய மானம் ஒன்று இருக்கிறது. 'அந்த நாள்' படத்தில் ஒவ்வொருவரும் மற்றொருவரைக் காட்டுகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் மறைக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அங்கே உண்மை கடைசிவரை கைக்கு அகப்படுவதில்லை, இங்கே அகப்படுகிறது. ஒரே உத்தியை வைத்துக்கொண்டு ஒருவர் மனிதர்களைப் பற்றிப் படம் எடுத்தார், இன்னொருவர் துப்பறியும் படம் எடுத்தார். எனக்கு இரண்டும் வேண்டும்.

என்னிடம் படிக்க வரும் பல பார்வைக் கதைகளில் சொல்கிறவரின் பெயர் மாறுகிறது, செய்தி மாறுவதில்லை. அப்பா சொன்னதையே அம்மாவும் சொல்லி, மகளும் சொல்கிறாள். 2004-இல் வந்த 'விருமாண்டி'யைப் பார்க்கச் சொல்வேன். சிறையில் கொத்தாளத் தேவர் சொல்வதை முதலில் கேட்கிறோம், விருமாண்டி சொல்வதைப் பிறகு கேட்கிறோம். பார்த்த காட்சியே திரும்பி வருகிறது, ஆனால் யார் முதலில் கையை ஓங்கினார் என்பது மாறியிருக்கிறது. முதலில் கேட்டதை நாம் நம்பிவிட்டதால்தான் இரண்டாவது தடவை நமக்கு உறைக்கிறது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் அந்தப் படமே இல்லை.

மார்ச் 6

'அந்த நாள்' நம்முடைய தேவகோட்டை ரஸ்தாக் கொட்டகைகளில் எடுத்த படம் என்று ஒருவர் பெருமையோடு எழுதியிருக்கிறார். கணக்கு இடிக்கிறது. ஏவி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர், அவர் ஸ்டுடியோவும் இங்கே இருந்தது. ஆனால் 1948-இலேயே கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். அது ப. நீலகண்டனின் மேடை நாடகத்திலிருந்து வந்த படம், ஆகவே கட்டமைப்பைப் பற்றிப் பேச அதுவும் உதவும்: காட்சிகள் மேடைத் திரை விழுவதுபோல முடிகிற படங்களுக்கும், வெட்டி ஒட்டி முடிகிற படங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் காலப் படங்களில் கண்ணால் பார்க்கலாம்.

மார்ச் 8

இடைவேளை. மூன்று அங்கக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் ஆட்கள் கதை யோசிக்கும்போதே "இன்டர்வெல்லில் என்ன?" என்றுதான் கேட்பார்கள்; முறுக்குக்காரரிடம் போகிற ஆளைத் திரும்பக் கொட்டகைக்குள் இழுக்கிற அளவுக்கு அங்கே ஒரு கேள்வி தொங்க வேண்டும்.

எங்கள் டூரிங் டாக்கீஸில் இடைவேளை ஒன்றோடு நின்றதில்லை. ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருந்தது. 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும்; சுருள்களை ஒட்டி ஓட்டினாலும் மாற்றும்போது விளக்கைப் போட்டாக வேண்டும். விளக்கு எரிந்ததும் மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் முழுவதும் ஒருவரோடு ஒருவர் வழக்காடத் தொடங்கும். அவன் சாகவில்லை என்று ஒருவர், செத்தான் என்று ஒருவர், அந்தக் கடிதத்தை மாமியார்தான் எடுத்திருப்பாள் என்று ஒருவர். எடுத்தவர் நினைத்த இடத்தில் விழாமல் சுருள் தீர்ந்த இடத்தில் விழுந்த இடைவேளைகள் அவை. அப்படி எங்கே நிறுத்தினாலும் ஜனங்கள் எதையாவது ஊகித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அது நல்ல கதை. வழக்கு இல்லாமல் எல்லோரும் கொட்டாவி விட்ட படங்களும் உண்டு. அவற்றில் அடுத்தது என்ன என்று யாருக்கும் அக்கறையில்லை, அல்லது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதோடு சேர்ந்தது பாட்டுப் புத்தகம். இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொட்டகை வாசலில் விற்கும் சிறு புத்தகம். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும், அது பாதியில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மரத்தூண்களையும் எனாமல் பாத்திரங்களையும் விலை கேட்கிற கூட்டத்துக்கு நடுவே நான் இந்தப் புத்தகங்களைத் தேடுவேன். சுருக்கத்தை எழுதியவர் யாரென்று போட்டிருக்காது, ஆனால் அவர் ஒரு பெரிய முடிவை எடுத்திருக்கிறார்: எதுவரை சொல்லலாம். திறமையான ஆள் எழுதியது என்றால், கதாநாயகிக்கு ஒரு செய்தி தெரிந்து, அவள் அதை யாரிடம் சொல்வாள் என்பது தெரியாத இடத்தில் நிற்கும். திறமையில்லாதவர் எழுதியது என்றால், வில்லன் அறிமுகமான உடனேயே நிற்கும்.

தம்பி, உங்கள் கதைக்கு நீங்களே ஒரு சுருக்கம் எழுதி, "மீதியை" என்ற வரியை எங்கே போடுவீர்கள் என்று பாருங்கள். போட இடமே அகப்படவில்லை என்றால் கதையில் கேள்வி இல்லை.

மார்ச் 9

முதலிலேயே சொன்னால் நன்றாகிவிடுகிற கதைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

பதைப்புப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு நடத்திய நீண்ட உரையாடலில் ஒரு உதாரணம் சொல்கிறார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருக்கிறது. பார்க்கிறவருக்கு அது தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. பார்க்கிறவருக்குத் தெரிந்து, மேசையில் உட்கார்ந்து சும்மா ஊர்க்கதை பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் 15 நிமிடப் பதைப்பு. பேச்சு எவ்வளவு சாதாரணமானதோ அவ்வளவு பதைப்பு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. ஆயாவின் மூத்த அண்ணன் கொண்டுவிற்க, அதாவது வணிகம் பார்க்க, பர்மாவுக்குப் போனவர். அங்கே காய்ச்சலில் இறந்துபோனார், தந்தி வந்துவிட்டது. அதற்குப் பிறகு, இறப்பதற்கு முன் அவர் எழுதிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. கணக்குப்பிள்ளை அதை வளவில் நின்று வாசித்திருக்கிறார். பிள்ளையார் நோன்புக்குள் வந்துவிடுவேன், முகப்புக்கு வெள்ளை அடித்து வையுங்கள், தங்கச்சிக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், அரிசி விலை இங்கே இன்னது. நடுவில் நிறுத்திவிடலாமா என்று கணக்குப்பிள்ளை கேட்டாராம். முழுவதையும் வாசிக்கச் சொன்னார்களாம்.

கடிதத்தில் துக்கமான வரி ஒன்றுகூட இல்லை. கடிதம் முதலில் வந்து தந்தி பிறகு வந்திருந்தால் அது மற்ற வீடுகளிலும் நடந்த ஒரு சாவுச் செய்தி. தந்தி முந்திக்கொண்டதால் அரிசி விலையைக்கூட அவர்களால் தாங்க முடியவில்லை. கதையில் அழ வைப்பதற்காகச் சோகமான சொற்களைக் குவிக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: கேட்கிறவருக்கு ஒரே ஒரு செய்தியை முந்திக் கொடுத்துவிட்டு, பிறகு அரிசி விலையை எழுதுங்கள்.

மார்ச் 12

முகப்பு, வளவு, பின்கட்டு என்று நம் செட்டிநாட்டு வீடே மூன்று அங்கந்தானே என்று திருப்பத்தூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் கட்டுக்குக் கட்டு வாசல் நேர்கோட்டில் திறந்து பின்வாசல்வரை தெரியும். அப்படி ஒரு கதையை எழுதிவிட்டு வாசகரை உள்ளே கூப்பிட முடியுமா, அண்ணே?

வீட்டிலிருந்து கதைக்கு எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. நம் வீடுகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஜமீன்தாரையும் அவர் மீசையையும் முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' கொஞ்சம் மேலே போய், வீடு கைவிட்டுப் போவதையே கதையின் தொடக்கத் தள்ளலாக வைத்தது. அதன் மூலக்கதை இங்கிலாந்து நாவல் என்றாலும் சொத்துரிமை அங்கேயும் இங்கேயும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் பங்காளிகளுக்குப் பொதுவான, உண்மையான பங்கு வீட்டை நான் இன்னும் திரையில் பார்க்கவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை, ஆளுக்கோர் அடுப்பு, ஆளுக்கோர் சாவி. முற்றம் பொது. ஒருவர் அறையில் பேசியது அடுத்தவருக்குப் பாதி கேட்கும். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல களம் எந்த இயக்குநருக்கு வேண்டும்? முழு வீட்டையும் விற்க வேண்டுமென்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவர் பேசாமல் இருப்பார். பேசாமல் இருக்கிறவரிடம்தான் கதை இருக்கும்.

மார்ச் 13

நேற்றிரவு படுத்த பிறகு ஒரு படம் என்னைத் தூங்கவிடவில்லை. செய்தியை மறைப்பதும் கொடுப்பதுமே கட்டமைப்பு என்றால், மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்தை என்ன செய்வது? 1978-இல் வந்த அந்தப் படத்தில் ஒரு மர்மமும் இல்லை. விஞ்ச் என்ற இழுவை வண்டியை ஓட்டுகிற காளிக்குத் தங்கை மேல் உயிர். புதிதாக வந்த பொறியாளரைப் பிடிக்காது. அந்தப் பொறியாளரையே தங்கை விரும்புகிறாள். எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசிக் காட்சிவரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் அங்கேயும் தெரியாத ஒன்று இருக்கிறது. அது காளிக்கே தெரியாதது. தன் வறட்டுப் பிடிவாதம் பெரிதா, தங்கை பெரிதா என்று அவனுக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவன் எதிரே கொண்டுவந்து நிறுத்தும் வேலையைத்தான் முந்தைய காட்சிகள் அனைத்தும் செய்கின்றன: அவன் கை போவது, வேலை போவது, மனைவி அவனை எதிர்த்துப் பேசுவது. கடைசியில் தங்கை, கல்யாணத்துக்குப் போகிற வழியில் திரும்பி அண்ணனிடமே ஓடி வருகிறாள். அதற்குப் பிறகு காளி அவளைப் பொறியாளரிடம் ஒப்படைக்கிறான். ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். வேறொருவர் எடுத்திருந்தால் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்திருப்பார். ஆள் மாறாமலே முடிவு மாறுகிறது என்பதுதான் அதன் அருமை.

ஆகவே மார்ச் 2-இல் எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தெரியாதது வெளியே நடந்த செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவருக்குத் தன்னைப் பற்றித் தெரியாததாகவும் இருக்கலாம். இரண்டாவது வகைக்குத் திருப்பம் தேவைப்படாது. சிறுகதைக்கு இரண்டாவதுதான் ஏற்றது என்று இப்போது தோன்றுகிறது.

(மகேந்திரன் இளையான்குடிக்காரர், நம் அழகப்பா கல்லூரியில் படித்தவர். அங்கே மாணவராக இருந்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே தமிழ்ப் படங்களின் பொய்மையைத் தாக்கிப் பேசி அவரிடம் பாராட்டும் வாங்கினார். காளியின் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.)

மார்ச் 15

"கட்டமைப்பு, கட்டமைப்பு என்றே எழுதுகிறீர்களே, சொல்லும் விதத்துக்கு மதிப்பில்லையா?" என்று கேட்டவருக்கு: ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். 1964-இல் நாகேஷும் டி. எஸ். பாலையாவும் நடித்தது. செல்லப்பா சொல்வதில் கதை என்று எடுத்து எழுத ஒரு வரிகூடத் தேறாது. இருட்டு, காலடி ஓசை, கதவின் கிரீச்சொலி, ஒரு நிறுத்தம். அவ்வளவுதான். பணம் கொடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்த தந்தை நாற்காலியில் சுருண்டுபோகிறார். அந்தக் காட்சியில் பாலையாவின் முகம்தான் படம். சொல்கிறவன் எதைச் செய்தாலும் கேட்கிறவன் முகத்தில் விழுந்த பிறகே நமக்கு வருகிறது.

ஆயாவும் அப்படித்தான். கேட்கிறவர்களில் யாராவது ஒருத்தியை மட்டும் பார்த்துச் சொல்வார். அவள் புளியை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு இருந்தால்தான் அடுத்த காட்சிக்குப் போவார்.

ஆனாலும் செல்லப்பாவின் கதை முடிந்ததா என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? சொல்லும் திறமை மட்டும் இருந்தால் அவ்வளவு தூரந்தான் போகலாம்.

மார்ச் 16

பாட்டைப் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. பாட்டு கதையை நிறுத்துகிறது என்பது பாதி உண்மை. ஒரே பாட்டுக்குள் பையன் வாலிபனாவதும், பால்காரர் பணக்காரராவதும் நம் படங்களின் சிக்கனம். 1992-இல் வந்த 'அண்ணாமலை'யைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்தில் அதற்கு ஈடு, "பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன" என்ற வகைப் பத்தி. எதைக் காட்சியாக விரிக்கிறோம், எதைப் பத்தியாகச் சுருக்குகிறோம் என்பதில்தான் தொடக்க எழுத்தாளர்கள் தடுமாறுகிறார்கள்: பேருந்து ஏறி இறங்குவதற்கு ஒரு பக்கம், தம்பி அண்ணனோடு பேச்சை நிறுத்தியதற்கு ஒரு வரி.

மார்ச் 19

தம்பி, அனுப்பிய கதையைப் படித்தேன். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் பங்கு வீட்டின் தன் பாகத்தை விற்க வருகிறார், ஊர் சுற்றுகிறார், பழைய நினைவுகள் வருகின்றன, கடைசி வரியில் அண்ணன் அந்தப் பாகத்தை முன்பே அடகு வைத்துவிட்டது தெரிகிறது. திருப்பம் சரியான பக்கத்தில் இருக்கிறது, புத்தகக்காரர் மகிழ்வார். எனக்கு அதைப் படித்ததும் ஒரு விநாடி "ஓ" என்று இருந்தது, பிறகு ஒன்றுமில்லை.

அந்தக் கடைசி வரியை இரண்டாவது பத்திக்குக் கொண்டு வாருங்கள். அடகு வைத்தது வாசகருக்குத் தெரியட்டும், கதையில் வருகிற தம்பிக்குத் தெரிய வேண்டாம். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை சாதாரணக் காட்சிகளும் தாமாகவே வேலை செய்யத் தொடங்கும்: அண்ணன் பலகாரம் எடுத்து வைப்பது, இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்பது, இரட்டைக் கதவைத் திறந்து காட்டும்போது சாவிக்கொத்தில் ஒரு சாவியைத் தேடிக்கொண்டே இருப்பது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது முடிவு மட்டுந்தான், ஏனென்றால் கடைசியில் வைக்க இப்போது உங்களிடம் திருப்பம் இருக்காது. தம்பிக்குத் தெரியவந்ததா, தெரிந்தும் தெரியாததுபோல விமானம் ஏறினாரா என்று தீர்மானிக்க வேண்டும். நானாக இருந்தால் அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது என்று வைத்திருப்பேன், ஆனால் அது உங்கள் கதை.

நினைவுகள் வரும் மூன்று பக்கத்தை ஒரு பத்தியாக்கிவிடுங்கள். அண்ணி பேசுகிற இடத்தை விரியுங்கள். அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்கு நீங்கள் கொடுத்திருப்பதோ காப்பி கொண்டுவந்து வைக்கிற வேலை. திருத்திய படியை அனுப்பும்போது பழைய படியையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வாசித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன்.